கல்லும் ஈயமும் கற்பிக்கும் கிரேக்கம்

பழங்கிரேக்க மொழியைக் கற்கப் புகுவோர்க்கு முதன்முதல் அறிமுகமாவது ஆதென்ஸ் நகரத்து உரைநடையே ஆகும். கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டுகளில் அந்நகரில் வழங்கிய மொழிதான் இலக்கண நூல்களில் 'கிரேக்கம்' என்னும் பொதுப்பெயரால் நிற்கிறது. மாணவன் பெயர்ச்சொற்களின் வேற்றுமை வடிவங்களை வாய்ப்பாடாக ஒப்புவிக்கிறான்; வினைமுற்றுகளை வரிசைப்படுத்திப் பழகுகிறான்; பின்னர்ச் செனொபோன் முதலிய உரைநடையாசிரியர்களைத் தொடுகிறான். இம்முறை நெடுங்காலமாக வழங்கிவருவது, பயனும் உடையது. ஆயினும் ஒரு பெருங்குறை இதனிடத்து உண்டு. ஒரு நகரின் வழக்கே மொழி முழுவதும் என்றும், ஏனைய ஊர்களின் வழக்கெல்லாம் அதனினின்று வழுவியவை என்றும் ஓர் எண்ணம் கற்போன் உள்ளத்தில் முதலாண்டிலேயே வேரூன்றிவிடுகிறது.

இக்குறையை நீக்கவல்ல மற்றொரு வழியும் உண்டு. கிரேக்கர் கடல் கடந்து சென்று குடியேறிய கரையோர ஊர்களில் கிடைத்த எழுத்துப் பொறிப்புகளைக்கொண்டு மொழியைக் கற்பதே அவ்வழி. கல், சாடி, எலும்புச் சில்லு, ஈயத் தகடு ஆகியவற்றின்மேல் அவ்வூர் மக்கள் தங்கள் கையாலேயே எழுதிவைத்தவை அவை. ஏடு பெயர்த்தெழுதுவோர் கை பட்டு உருமாறாதவை. இவ்வழி எதனைத் தரும், எதனைத் தராது என்பதை நடுநின்று ஆராய்வது மொழியாசிரியர்க்குப் பயன் தரும். கிரேக்கம் கற்பிப்பவர்க்கு மட்டுமன்று. எம்மொழியைக் கற்பிப்பவர்க்கும் இதனுள் ஒரு பாடம் இருக்கிறது.

கரையோரக் குடியேற்றங்கள்

கி.மு. 8ஆம் நூற்றாண்டு தொட்டுக் கிரேக்கர் வெளிக்கரைகளிற் குடியேறலாயினர். யூபியத் தீவினர் இத்தாலியின் மேற்குக் கரையில் பிதெகூசை என்னும் தீவிலும், அதற்கு எதிர்க்கரையில் கூமையிலும் ஊர் அமைத்தனர். தேரா என்னும் தீவினர் ஏறத்தாழ கி.மு. 630இல் லிபியக் கரையில் சைரீனை நிறுவினர். போகையா நகரத்தார் கி.மு. 600ஐ ஒட்டி இன்றைய மார்செய் நகராகிய மஸ்ஸலியாவை அமைத்தனர். மிலேதொஸ் நகரத்தார் கருங்கடலைச் சூழ ஒல்பியா முதலிய ஊர்களை எழுப்பினர்.

இவர்கள் ஒரே மொழியினர். ஆயினும் ஒரே வழக்கினர் அல்லர். யூபியத் தீவினரும் மிலேதொஸ் நகரத்தாரும் பேசியது அயோனிய வழக்கு. தேராத் தீவினர் பேசியது தோரிய வழக்கு. தாயூரில் என்ன ஒலியோடு பேசினரோ அவ்வொலியோடே புதுக்கரையிலும் பேசினர், எழுதினர். ஆகவே கரையோர ஊர் ஒவ்வொன்றும் கிரேக்க மொழியின் ஒரு கிளைக்குச் சான்று கூறுகிறது.

எழுத்தே முதற் பாடம்

கிரேக்க நெடுங்கணக்கு 24 எழுத்துகளை உடையது என்று பாடநூல்கள் கூறும். அந்த 24 எழுத்து முறையை ஆதென்ஸ் நகரம் அரசாங்க வழக்காக ஏற்றது கி.மு. 403-402இல்தான். அதற்குமுன் அங்கு வழங்கியது வேறொரு முறை. இன்று 'கிரேக்க எழுத்து' எனப்படுவது உண்மையில் அயோனியக் கரையினின்று ஆதென்ஸுக்கு வந்த எழுத்தாகும். இலக்கண நூல் தலைமை தந்து போற்றும் நகரமே தன் எழுத்தைக் கடற்கரையினின்று கடன்கொண்டது என்பது மாணவன் முதல் நாளே அறியத்தக்க செய்தி.

பழைய ஆதென்ஸ் எழுத்தில் எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் ஒரே குறி. ஒகரத்திற்கும் ஓகாரத்திற்கும் ஒரே குறி. யூபிய எழுத்தும் அவ்வாறே. குறிலா நெடிலா என்பதைப் படிப்போனே இடம்நோக்கி உணரவேண்டும். ஓலைச்சுவடி படித்துப் பழகிய தமிழாசிரியர்க்கு இது புதுமையன்று. புள்ளியிடாத ஓலையில் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் பொருள்கொண்டே பிரித்தறிந்தவர் நம் முன்னோர். ஆங்கில வழியாகக் கிரேக்கம் கற்போர் இடர்ப்படும் இவ்விடத்தில் தமிழ் மாணவன் எளிதில் அடியெடுத்து வைப்பான். அவன் செவி இவ்விரு இணைகளையும் முன்னரே அறியும்.

இரு தூண்களும் இடையே ஒரு குறுக்குச் சட்டமும் உடைய எழுத்தொன்று உண்டு. அயோனியக் கரையில் அதற்கு ஏகார ஒலி. யூபியர் எழுத்தில் அதற்கு ஹகர ஒலி. இத்தாலிக் கரையில் குடியேறிய யூபியரிடமிருந்து எத்ருஸ்கரும், அவர்வழி உரோமரும் எழுத்துக் கற்றனர். ஆதலின் இலத்தீனில் அவ்வெழுத்து ஹகரமாகவே நின்றது. பெருக்கற்குறி போன்ற எழுத்து மேற்குக் கரையில் 'க்ஸ்' என்று ஒலித்தது. அயோனியரிடத்து அது மூச்சொலி கலந்த ககரம். இலத்தீன் ஏற்றது மேற்குக்கரை ஒலியையே. இன்று ஆங்கிலத்தையும், ரூமி எழுத்தில் மலாயையும் எழுதுவோர் அக்கரையோர எழுத்தின் வழித்தோன்றலையே நாள்தோறும் கையாளுகின்றனர்.

நான்கு சொல், ஒரு சாடி

தொடக்க மாணவனுக்கு ஏற்ற பொறிப்பு ஒன்று ஒல்பியாவில் 1951இல் கிடைத்தது, 1978இல் அச்சேறியது. கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறிய எலும்புச் சில்லு அது. அதில் 'பியொஸ், தனதொஸ், பியொஸ், அலேதேயா' எனச் சொற்கள் நிற்கின்றன. வாழ்வு, சாவு, வாழ்வு, உண்மை என்பது பொருள். எல்லாம் எழுவாய் வடிவம், வினை இல்லை. வேற்றுமை ஒன்றும் அறியாத மாணவனும் இதனைப் படித்துவிடலாம். படித்தபின் அச்சொற்களை இப்படி அடுக்கியவன் என்ன நம்பினான் என்று எண்ணாதிருக்க அவனால் இயலாது. மொழிப் பாடத்தின் முதல் நாளே உள்ளம் வேலைசெய்யத் தொடங்கிவிடுகிறது.

அடுத்த படி, கூமையிற் கிடைத்த ஒரு சிறு எண்ணெய்ச் சாடி. கி.மு. 7ஆம் நூற்றாண்டினது. இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. 'நான் தாதாயேயின் சாடி. என்னைத் திருடுபவன் குருடனாவான்' என்பது அதன் வாசகம். சாடியே பேசுகிறது. இவ்வொரு வாசகத்தில் ஆறாம் வேற்றுமை உண்டு. 'இருக்கிறேன்' என்னும் தன்மை வினை உண்டு. 'எவன் திருடுகிறானோ' என்னும் சார்பு வாக்கியம் உண்டு. எதிர்கால முற்று உண்டு. இலக்கண நூலில் நான்கு இயல்களிற் சிதறிக்கிடப்பவை உள்ளங்கை அளவான மண்கலத்தில் ஒருங்கே வந்து நிற்கின்றன.

அச்சாடியில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. 'குருடன்' என்னும் பொருளுடைய 'துப்லொஸ்' என்ற சொல்லின் முதலெழுத்து வெறுந் தகரமாக இருத்தல்வேண்டும் என்பது இலக்கணம். சாடியிலோ மூச்சொலி கலந்த தகரம் பொறிக்கப்பட்டுள்ளது. அடுத்த அசையில் மூச்சொலி கலந்த பகரம் வருதலின், அதன் மூச்சு முன்னெழுத்தையும் பற்றிக்கொண்டது. இத்தகைய ஈர்ப்பு ஆதென்ஸ் நகரத்துக் குடங்களின் எழுத்திலும் காணப்படுவதாகும். ஆகவே இதனை எழுதத்தெரியாதவன் செய்த பிழை என்று தள்ளுவதற்கில்லை. எழுதியவன் தன் காதிற் கேட்டதையே எழுதினான்.

இருமுறை எழுதிய கல்

கரையோரப் பொறிப்புகளுள் மொழியாசிரியர்க்குக் கருவூலமாக விளங்குவது சிகேயம் என்னும் ஊரின் கல். திராய் நகர்க்கு அண்மையில், தார்தனெல்ஸ் நீரிணையின் வாயிலில் அமைந்த ஊர் அது. ஆதென்ஸ் நகரத்தார் குடியேறிய இடம். கல்லின் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. இதுவும் இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரொகொன்னேசொஸ் என்னும் மிலேதொஸ் குடியேற்றத்தைச் சேர்ந்த பனொதிகொஸ் என்பான் சிகேயத்தின் ஊர்மன்றத்திற்கு மது கலக்கும் கலம் ஒன்றும், அதனைத் தாங்கும் அடித்தாங்கி ஒன்றும், வடிகட்டி ஒன்றும் கொடையளித்தான். அக்கொடையை அக்கல் இருமுறை கூறுகிறது. மேற்பகுதி கொடையாளியின் அயோனிய வழக்கிலும் அயோனிய எழுத்திலும் உள்ளது. கீழ்ப்பகுதி ஆதென்ஸ் வழக்கிலும் ஆதென்ஸ் எழுத்திலும் உள்ளது. வரிகள் ஏர்மாடு திரும்புவதுபோல ஒன்று இடமும் ஒன்று வலமுமாகத் திரும்பிச் செல்கின்றன.

இரு பகுதிகளையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு இலக்கணம் தானே வெளிப்படும். மேலே 'எதோகென்' என்றிருக்கிறது. 'கொடுத்தான்' என்பது பொருள். கீழே 'எதோக' என்றிருக்கிறது. 'கொடுத்தேன்' என்பது பொருள். படர்க்கையும் தன்மையும் விகுதியால் வேறுபடுவதை ஆசிரியர் சொல்லவேண்டியதில்லை, கல்லே காட்டுகிறது. மேலே தந்தையின் பெயர் ஹகரமின்றி 'எர்மொக்ராதேஸ்' என்னும் ஒலியோடு ஆளப்படுகிறது. கீழே அது 'ஹெர்மொக்ராதேஸ்' ஆகிறது. கிழக்கு அயோனியர் சொன்முதல் ஹகரத்தை இழந்துவிட்டனர் என்னும் விதி இதனாற் புலனாகும். அவர்கட்கு ஹகரம் வேண்டாமையின், தூணும் சட்டமும் கொண்ட அவ்வெழுத்து வேலையற்றிருந்தது. அதனை ஏகாரத்திற்கு ஆக்கிக்கொண்டனர். இக்கல்லின் மேற்பகுதியில் அவ்வெழுத்து ஏகாரம். கீழ்ப்பகுதியில் அதே எழுத்து ஹகரம். எழுத்து வரலாற்றின் ஒரு முழு இயல் ஒரே கல்லின் இரு பாதிகளில் அடங்கிவிட்டது.

கீழ்ப்பகுதி மேற்பகுதியைக் காட்டிலும் சற்று நீளமானது. தனக்கு ஏதேனும் நேர்ந்தால் தன்னைப் பேணுமாறு சிகேயத்தாரை விளித்து வேண்டுகிறது. தன்னைச் செய்தவர் ஐசோபொஸும் அவன் உடன்பிறந்தாரும் என்று கூறி முடிகிறது. ஊராரைத் தம் வழக்கிலேயே விளித்தால்தான் அவர் செவியேற்பர் என்று கருதியே கொடைச் செய்தியை மீண்டும் எழுதுவித்தனர் போலும். இரு வழக்கினரும் ஒரு மன்றத்தில் கூடினர்; ஒருவர் வழக்கை மற்றவர் திருத்த முற்படவில்லை.

ஒரு விதி, நான்கு ஊர்

மது கலக்கும் கலத்தின் பெயரை மீண்டும் நோக்குதல் வேண்டும். செயப்படுபொருள் வடிவில் அது அயோனியப் பகுதியில் 'கிரேதேர'. ஆதென்ஸ் பகுதியில் 'கிராதேர'. ஒன்றில் ஏகாரம், மற்றொன்றில் ஆகாரம். இது தற்செயலா, விதியா? கூமைச் சாடியின் 'தாதாயேஸ்' என்னும் ஆறாம் வேற்றுமை, ஆதென்ஸ் வழக்கில் 'தாதாயாஸ்' என ஆகாரம் பெறும். கருங்கடற்கரையில் எழுதப்பட்ட ஒரு கடிதத்தில் 'அனக்சகொரேன்' என்றுள்ள பெயர், ஆதென்ஸ் வழக்கில் 'அனக்சகொரான்' ஆகும். சைரீனின் கல்லிலோ மக்களைக் குறிக்கும் சொல் 'தாமொஸ்' என ஆகாரம் பெற்று நிற்கிறது. அயோனியரும் ஆதென்ஸ் நகரத்தாரும் அதனைத் 'தேமொஸ்' என்பர்.

இத்தாலிக் கரை, தார்தனெல்ஸ், கருங்கடல், லிபியக் கரை ஆகிய நான்கிடத்துச் சான்றுகளையும் நிரல்படுத்தினால் விதி தானே எழும். பழைய ஆகாரத்தைத் தோரியர் காத்தனர். அயோனியர் எங்கும் ஏகாரமாக்கினர். ஆதென்ஸ் நகரத்தார் ஏகாரமாக்கினும், எகர இகரங்களுக்கும் ரகரத்திற்கும் பின்னே ஆகாரத்தையே கொண்டனர். இலக்கண நூலில் இவ்விதி, ஏன் என்ற விளக்கமின்றி, மனப்பாடம் செய்யவேண்டிய பெயர்ச்சொற் பிரிவுகளாகக் காட்சியளிக்கும். நான்கு கரைகளையும் ஒப்புநோக்கியவனுக்கோ ஆதென்ஸ் வழக்கே மூன்றனுள் சிக்கலானது என்பது தெரியவரும். அளவுகோலாக வைக்கப்பட்டது தானே அளக்கப்படும் பொருளாகிவிடுகிறது. பொறிப்புவழிக் கல்வியின் சிறந்த பயன் இதுவே எனலாம்.

ஈயத் தகட்டில் ஒரு தந்தை

மேலே குறித்த கருங்கடற் கடிதம் ஈயத் தகட்டில் எழுதப்பட்டது. ஒல்பியாவுக்கு அண்மையிலுள்ள பெரெசான் தீவில் 1970இல் கிடைத்தது. காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது. அகில்லொதோரொஸ் என்னும் வணிகன் தன் மகன் புரோதகொரேஸுக்கு எழுதியது. மதாசுஸ் என்பான் தன்னை அடிமைப்படுத்துவதாகவும், தன் சரக்கைப் பறித்துக்கொண்டதாகவும் தந்தை முறையிடுகிறான். தான் அனக்சகொரேஸின் அடிமை என்று மதாசுஸ் சாதிக்கிறான்; அது பொய், தான் உரிமையுள்ள மனிதன்; இதனை அனக்சகொரேஸிடம் சென்று சொல்க என்று மகனைப் பணிக்கிறான். தாயையும் உடன்பிறந்தாரையும் நகருக்கு அழைத்துச் செல்லுமாறும் கூறுகிறான்.

கடிதம் மகனை விளித்துத் தொடங்குகிறது; தந்தையோ தன்னைப் படர்க்கையில் 'உன் தந்தை' என்றே குறிக்கிறான். அடுத்து 'மதாசுஸால் அநீதி இழைக்கப்படுகிறார்' என்னும் செயப்பாட்டு வினை வருகிறது. செயப்பாட்டு வினைக்கு இலக்கண நூல்கள் தரும் எடுத்துக்காட்டுகளில் யாரோ யாராலோ அடிக்கப்படுவர். படிக்கும் மாணவனுக்கு அவர்கள் யாரோ எவரோ. இக்கடிதத்திலோ ஒரு மனிதனின் உரிமையே அவ்வினைச்சொல்லில் தொங்குகிறது. படித்த மாணவன் அவ்வடிவத்தை மறவான்.

தகட்டின் வெளிப்புறத்தில், சுருட்டியபின் தெரியுமாறு, முகவரி எழுதப்பட்டிருக்கிறது: இது அகில்லொதோரொஸின் ஈயம், மகனுக்கும் அனக்சகொரேஸுக்கும் உரியது. 'மகனுக்கு' என்னும் பொருள்படும் இடத்தில் 'தொன் பைத' என்று இலக்கணப்படி இருத்தல்வேண்டும். தகட்டில் 'தொம் பைத' என்றிருக்கிறது. பகரத்தின் முன் னகரம் மகரமாகத் திரிந்தது. 'மரம்' என்பதன் மகரம் 'கள்' விகுதியின் முன் ஙகரமாதலை அறிந்த தமிழ் மாணவனுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? மேலும், 'காய் அனக்சகொரேன்' என இரு சொல்லாக நிற்கவேண்டியது 'கானக்சகொரேன்' என ஒரு சொல்லாகப் புணர்ந்து நிற்கிறது. அச்சிட்ட கிரேக்க உரைநடையில் சொற்கள் பெரும்பாலும் தனித்தனியே நிறுத்தப்பட்டுள்ளன. முதற்கூறிய வகைத் திரிபுகள் அங்கே மறைந்துவிட்டன. பேச்சில் சொற்கள் ஒன்றோடொன்று கைகோத்துச் சென்றதை ஈயத் தகடு காட்டுகிறது. புணர்ச்சி என்பது இலக்கணப் புலவர் படைத்த தொல்லை என்று எண்ணும் மாணவர் எந்நாட்டிலும் உண்டு. அடிமைத்தளைக்கு அஞ்சி விரைந்தெழுதிய வணிகன் இலக்கணப் புலவன் அல்லன். அவன் எழுத்திலும் புணர்ச்சி வருகிறது.

பிரான்சின் தென்கரையில் பெஷ் மாஹோ என்னும் இடத்திற் கிடைத்து 1988இல் வெளியான ஈயத் தகடும் இத்தகையதே. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்டது. ஒரு பக்கம் எத்ருஸ்க மொழி, மறுபக்கம் அயோனியக் கிரேக்கம். படகு வாங்கிய செய்தி, முன்பணம் கொடுத்த செய்தி, சாட்சிகளின் பெயர்கள் ஆகியன உள. முன்பணத்தைக் குறிக்கும் 'அர்ரபோன்' என்னும் சொல் செமித்திய மொழியினின்று கிரேக்கம் ஏற்றது. சாட்சிகளுள் பசிகெர்ரொஸ், புலெருவாஸ் முதலியோரின் பெயர்கள் கிரேக்கப் பெயர்கள் அல்ல. கடற்கரையில் மொழி எவ்வாறு வாழ்ந்தது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

இவ்வழியின் குறைகள்

இதுகாறும் கூறியவற்றால் பொறிப்புகளே போதும், இலக்கண நூல் வேண்டா என்று துணிவது தவறாகும். குறைகள் மூன்று உள.

முதலாவது, பொறிப்புகள் குறுகியவை. உடைமை, கொடை, கடன், சூளுரை, சாவு ஆகிய சில பொருள்களையே திரும்பத் திரும்பக் கூறுவன. ஒரு கருத்தை எடுத்து வளர்த்து, மறுத்து, நிறுவும் நெடுந்தொடர்களை அவற்றிற் காண்பது அரிது. பிளேட்டோவின் உரையாடலைப் படிக்க விழைவோன் கற்சாடிகளோடு நின்றுவிட இயலாது.

இரண்டாவது, பொறிப்புகள் சிதைந்தவை. பிதெகூசையில் 1954இல் கிடைத்த 'நெஸ்தொரின் கிண்ணம்' புகழ்பெற்றது, கி.மு. 8ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்தது. கிரேக்க எழுத்தின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று. அதன் முதல் வரியில் சில எழுத்துகள் உடைந்து போயின. அவ்விடத்தில் 'இருக்கிறேன்' என்னும் சொல்லை நிரப்பினால், கிண்ணம் தன்னையே நெஸ்தொரின் கிண்ணம் என்று கூறுவதாகும். வேறொரு வினையை நிரப்பினால், நெஸ்தொரின் கிண்ணம் வேறு, இது வேறு என்று ஒப்பிடுவதாகும். ஒரு சொல்லின் நிரப்பலால் பொருளே மாறிவிடுகிறது. பகர அடைப்புக்குள் இருப்பது கல்லின் சொல்லன்று, பதிப்பாசிரியரின் கருத்து என்பதை மாணவனுக்கு முதலிலேயே உணர்த்தாவிடின், அவன் அறிஞரின் ஊகத்தைப் பழையோரின் சொல்லென்று கற்பான். அக்கிண்ணம் கிடைத்த குழியில் எரியூட்டப்பட்டது ஒரு சிறுவன் என்றே பல்லாண்டுகள் எழுதிவந்தனர். 2021இல் வெளியான எலும்பாய்வு, அங்கிருந்தவர் குறைந்தது மூன்று வளர்ந்தோர் என்று காட்டியது. கல்லும் கலமும் பொய்யா. ஆனால் அவற்றைப் படிப்போர் தவறக்கூடும்.

மூன்றாவது, ஏற்ற பாடநூல் அரிதாயிருத்தல். கார்ல் டார்லிங் பக் 1955இல் வெளியிட்ட கிரேக்க வழக்குகள் பற்றிய நூல் இலக்கணம், தேர்ந்த பொறிப்புகள், சொற்பட்டி என மூன்றையும் ஒருங்கே தருவது, நிகரற்றது. லிலியன் ஜெப்ரி 1961இல் வெளியிட்ட பழங்கிரேக்க ஊர்எழுத்து நூல், எழுத்து வடிவங்களை ஊர்வாரியாக வகுத்துக் காலம் கணிக்க வழிகாட்டுவது. ஆயினும் இவ்விரண்டும் ஆதென்ஸ் வழக்கை முன்னரே கற்றறிந்தவரை நோக்கி எழுதப்பட்டவை. முதற்படியில் நிற்பவனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வன அல்ல. அவற்றினின்று எளியவற்றைத் தேர்ந்து படிவரிசையில் அமைப்பது ஆசிரியர் கடன்.

ஆதலின் நடுவழியே நல்வழி. ஒரு வழக்கின் இலக்கணத்தை முறையாகக் கற்றல் வேண்டும். அது ஆதென்ஸ் வழக்காகவே இருக்கலாம். ஆனால் முதலாண்டு தொடங்கியே வாரத்திற்கு ஒரு பொறிப்பேனும் உடன்செல்லுதல் வேண்டும். எலும்புச் சில்லில் தொடங்கி, சாடி, சிகேயக் கல், ஈயக் கடிதம், சைரீனின் சூளுரை என வளர்ந்து செல்லலாம். மெழுகுப் பாவைகளை எரித்து, சூளை மீறுவோர் அவைபோல் உருகுக என்று ஆடவரும் பெண்டிரும் சிறாரும் கூடிச் சபித்ததாகச் சைரீனின் கல் கூறுகிறது. கல் கி.மு. 4ஆம் நூற்றாண்டினது, சூளோ அதற்கு முந்நூறு ஆண்டு முற்பட்டதாகக் கூறப்படுகிறது. பழஞ்சொல் அப்படியே பெயர்த்தெழுதப்பட்டதா, பிற்காலத்தார் புனைந்ததா என்னும் வினாவை எழுப்பி ஆராயும் அளவிற்கு மாணவன் அப்போது வளர்ந்திருப்பான்.

பிழையும் வழக்கும்

எஞ்சி நிற்கும் வினா ஒன்று. ஆசிரியர் அனைவர்க்கும் உரியது. கல்லில் எழுதியவன் பிழையே செய்யமாட்டானா? செய்வான். எழுத்தை விட்டுவிடுவான், ஒன்றை இருமுறை பொறிப்பான். அவ்வாறாயின் பிழை எது, வழக்கு எது என்று எவ்வாறு துணிவது? பொறிப்பாய்வாளர் கைக்கொள்ளும் நெறி எளியது. ஒரு வடிவம் ஒருமுறை மட்டும் தோன்றி, ஒலியியலாலும் விளக்கமுறாதாயின், அது கைப்பிழை. அதே வடிவம் அவ்வூரின் பல எழுத்துகளில் வருமாயின், அல்லது ஒலியின் இயல்பான போக்கால் விளங்குமாயின், அது வழக்கு. வழக்கைத் திருத்துவோன் சான்றை அழிக்கிறான். 'தொம்' என்பதைத் 'தொன்' என்று மாற்றி அச்சிட்டால் நூல் தூய்மையாகத் தோன்றும். அகில்லொதோரொஸின் குரல் மறைந்துவிடும்.

இவ்வினா தமிழுக்குப் புறம்பானதன்று. செங்கடற்கரையில் எகிப்து நாட்டுக் குசேர் அல்-காதிம் என்னும் பழந்துறையில் தமிழி எழுத்துப் பொறித்த பானையோடு ஒன்று கிடைத்தது. ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமை உடையது. அத்துறையைக் கிரேக்கர் மியொஸ் ஹொர்மொஸ் என்றனர். அக்காலத்தில் அந்நாட்டு வணிகமும் ஆட்சியும் கிரேக்க மொழியில் நடந்தன. முசிறியிலிருந்து சென்ற சரக்குப் பற்றிய கடன் ஒப்பந்தம் ஒன்று கிரேக்கத்தில் எழுதப்பட்டு இன்றும் வியன்னாவில் உள்ளது. குசேர் ஓட்டின் எழுத்தைப் 'பானை ஒறி' என்று ஐராவதம் மகாதேவன் 2007இல் படித்துரைத்தார். உறியில் தொங்கவிட்ட பானை என்பது பொருள். நூல்வழக்கு 'உறி'. ஓட்டில் உள்ளது 'ஒறி'. ஒருமுறையன்று, பானையின் இரு புறங்களிலும் அவ்வாறே எழுதப்பட்டுள்ளது. உகரம் ஒகரமாக ஒலிப்பது திராவிட மொழிகளில் இயல்பாகக் காணப்படும் மாற்றமே.

வகுப்பில் ஒரு மாணவன் 'ஒறி' என்று எழுதினால் ஆசிரியரின் செம்மை மை உடனே பாயும். பாய்வது தவறன்று, நூல்வழக்கைக் கற்பிப்பது அவர் கடமை. ஆயினும் மையைத் தொடுமுன், அச்சிறுவன் வீட்டில் அச்சொல்லை எவ்வாறு கேட்டிருப்பான் என்று ஒரு கணம் எண்ணுதல் வேண்டும். 'நூலில் இவ்வாறு எழுதுவர்; உன் வீட்டில் கேட்டது வேறு ஊரின் வழக்கு' என்று சொல்லித் திருத்துவதற்கும், 'தப்பு' என்ற ஒரு சொல்லால் அடித்துவிடுவதற்கும் வேறுபாடு மிகப் பெரிது. முன்னதில் அவன் இரு வழக்குகளை அறிகிறான். பின்னதில் தன் தாயின் பேச்சே இழிந்தது என்று கற்கிறான். கருங்கடற்கரையின் ஈயத் தகடும் செங்கடற்கரையின் பானையோடும் மொழியாசிரியர்க்குச் சொல்லும் செய்தி இதுவே. திருத்துமுன் கேட்க.